பலகை இறங்கியது, கொக்கி இறங்கவில்லை: வீட்டுப் பட்டறை பைக் லிஃப்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின் சக்கரம் கழற்றப்பட்டு, பழுதுபார்க்க பைக்கைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டின் மேல் இரவு முழுக்க நின்ற ஒரு பைக், காலையில் மூக்கைக் கீழே கவிழ்த்து, இடது பக்கம் சாய்ந்து, ஹேண்டில்பாரைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே விழவில்லை. யாருக்கும் அடி இல்லை. ஒரு கண்ணாடி உடைந்தது, கிளட்ச் லீவரின் நுனி உரசியது, அவ்வளவுதான் சேதம்.

சேதம் சின்னது. ஆனாலும் இதை விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. லிஃப்டில் எந்த இரும்பும் வளையவில்லை, எந்த பெல்ட்டும் அறுந்துபோகவில்லை, பாதுகாப்பு லாக் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பைக்கைக் கட்டியிருந்த முடிச்சு எதுவும் அவிழவும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் பைக் சாய்ந்தது.

பட்டறையும் லிஃப்டும்

பட்டறை என்றால் ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு ஓர் அறை. உரிமையாளர் என் நண்பர். தொழில்முறை மெக்கானிக் அல்ல, ஆனால் கை சுத்தமான ஆள். சுமார் 200 கி.கி. எடையுள்ள இரட்டை சிலிண்டர் பைக் ஒன்றும், அதைவிட இலகுவான சின்ன பைக் ஒன்றும் வைத்திருக்கிறார். இரண்டையும் தானே பிரித்துச் சேர்ப்பார்.

முதலில் அவரிடம் இருந்தது என்ஜினுக்கு அடியில் வைக்கும் சின்ன ஜாக். அடிப்பாகம் தட்டையாக, இரண்டு ஃப்ரேம் குழாய்கள் இணையாக ஓடும் பைக்குகளுக்கு அது போதும். அவருடைய பெரிய பைக்கில் சைலன்சர் குழாய்களும் ஆயில் ஃபில்டரும் சரியாக அந்த இடத்தில்தான் தொங்குகின்றன. அதோடு, நடுவில் மட்டும் தூக்கி நிறுத்திய பைக்கில் ஒரு சக்கரத்தைக் கழற்றினால் எடை மறுபக்கம் ஓடும். பின் சக்கரம் டயர், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), டிஸ்க்கோடு சேர்ந்து 10 முதல் 15 கி.கி. வரும். அது போனவுடன் பைக் முன்பக்கம் கவிழப் பார்க்கும். முன் சக்கரத்தையும் அதைப் பிடிக்கும் ஃபோர்க்கையும் கழற்றினால் பின்பக்கம் உட்காரும். என்ஜினை இறக்கினால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பழைய மேஜை லிஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். காலால் மிதித்து ஏற்றும் ஹைட்ராலிக் வகை. தாங்கும் திறன் 450 கி.கி. பலகை இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 60 செ.மீ. அகலம். இறக்கி வைத்தால் தரையிலிருந்து 20 செ.மீ., முழுக்க ஏற்றினால் 75 செ.மீ. அடியில் கத்தரி போல் குறுக்காகப் பிணைந்த கால்கள். முன்னால் சக்கரத்தைக் கவ்வும் கிளாம்ப், பின்னால் பைக்கை ஏற்றும் சாய்தளம். பின் சக்கரம் நிற்கும் இடத்தில் பலகையில் ஒரு துண்டைத் தனியாகக் கழற்றலாம்; ஆக்ஸிலை உருவிவிட்டு சக்கரத்தை அந்தத் திறப்பு வழியாகக் கீழே இறக்கிவிடலாம்.

450 கி.கி. என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் நிறைய. 200 கி.கி. பைக்குக்கு இரண்டு மடங்குக்கும் மேல், இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். அந்த எண் லிஃப்ட் உடையுமா உடையாதா என்பதைப் பற்றியது. பைக் நிற்குமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அன்று நடந்த வேலை

செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டும். பின் சக்கரத்தின் ரப்பர் புஷ்களும் பேரிங்குகளும் அதோடு சேர்ந்து. பைக்கை ஏற்றி, முன் சக்கரத்தை கிளாம்பில் இறுக்கி, இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்க் கிளாம்பிலிருந்து இரண்டு ராட்செட் பெல்ட்டுகளை (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டைகள்) பலகையின் முன் மூலைகளுக்கு இழுத்துக் கட்டினார். பெல்ட் கீழ்நோக்கியும் முன்னோக்கியும் வெளிநோக்கியும் இழுக்கும்படி. ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு இறுக்கம். இது சரியான கட்டு. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிரச்சினை பின்பக்கம். ஸ்விங்ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையை, தூக்கிப் பிடிக்கும் பின் ஸ்டாண்டு ஒன்று அவரிடம் உண்டு. ஆனால் அதன் உருளைகள் நிற்க வேண்டிய இடத்தில்தான் பலகையின் திறப்பு வந்தது. திறப்பை மூடினால் சக்கரம் இறங்காது. திறந்தால் ஸ்டாண்டு நிற்காது. இந்தச் சங்கடம் மேஜை லிஃப்ட் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்ததுதான்.

அறையின் கூரையில் ஓர் இரும்பு உத்தரம் ஓடுகிறது. என்ஜின் தூக்குவதற்காக அதில் நல்ல கனமான கொக்கி ஒன்று மாட்டியிருந்தார். அதிலிருந்து ஒரு ராட்செட் பெல்ட்டை இறக்கி, சீட்டுக்குக் கீழே ஃப்ரேமின் இரண்டு பக்கமும் சுற்றிக் கட்டி, பின்பகுதியின் எடையை அதில் தொங்கவிட்டார். பார்க்க மிக நேர்த்தியாக இருந்திருக்கும். சக்கரம் சுலபமாக இறங்கியது. பேரிங்கில் ஒன்று கையிருப்பில் இல்லை என்பதால் மீதி வேலையை மறுநாளைக்கு வைத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

லாக்? போட்டிருந்தார். இந்த வகை லிஃப்டில் ஒரு கம்பி கத்தரிக் காலோடு சேர்ந்து நகர்ந்து, அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வரும். ஏற்றும்போது டக், டக் என்று சத்தம் கேட்கும். பலகை உச்சிக்குப் போனபோது கடைசிப் பல்லின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் மிதி நிற்கும் வரை மிதித்திருக்கிறார். அங்கேயே விட்டுவிட்டார்.

காலையில் பார்த்தவை

எதையும் அசைக்காமல் என்னைக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. முந்தைய நாள் மாலை அவர் எடுத்த ஒரு படத்தில், லிஃப்டின் பலகை பக்கத்து வேலை மேஜையின் விளிம்புக்கு நேர்மட்டமாக இருந்தது. இப்போது அந்த விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே. லாக் கம்பி பல்லில் நன்றாக அமர்ந்து, பலகையின் மொத்த எடையையும் தாங்கிக்கொண்டிருந்தது. இறக்கும் பெடலை யாரும் மிதித்த தடயம் இல்லை; நாயோ குழந்தையோ உள்ளே வர வழியும் இல்லை.

முன் பெல்ட்டுகளில் இடது பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. வலது பெல்ட் விறைப்பாக இருந்தது. சுவரும் அந்த ஒரு பெல்ட்டும் சேர்ந்துதான் பைக்கைப் பிடித்து வைத்திருந்தன. முன் சக்கரம் இன்னும் கிளாம்புக்குள்தான் இருந்தது. ஆனால் டயர் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. மேலே கொக்கியிலிருந்து வந்த பெல்ட் அசையவே இல்லை, கட்டிய இடத்தில் கட்டியபடி.

பைக்கை நிமிர்த்துவதில்தான் முதல் விடை கிடைத்தது. நண்பருக்கு மேல் பெல்ட்டைத் தளர்த்தலாம் என்று எண்ணம். எடை தொங்கும் ராட்செட்டைத் திறந்தால் அது மெல்ல இறக்காது, ஒரேயடியாக விட்டுவிடும்; அதனால் வேண்டாம் என்றேன். ஒருவர் வலது பக்கம் நின்று பைக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெடலை மிதித்துப் பலகையை மெதுவாக ஏற்றினோம். பலகை ஏற ஏற, வலது பெல்ட் பைக்கைத் தன் பக்கம் இழுத்தது. சற்று நேரத்தில் இடது பெல்ட்டும் விறைத்தது. பழைய உயரத்துக்கு வந்தபோது பைக் ஏறத்தாழ நேராக நின்றது. யாரும் எந்தக் கட்டையும் தொடவில்லை. அதாவது, கட்டுகள் தளரவே இல்லை. கட்டுகளுக்கு இடையில் இருந்த தூரம்தான் மாறியிருந்தது.

எண்ணெய் ஏன் விட்டுக்கொடுத்தது

நண்பரின் முதல் சந்தேகம் இரவுக் குளிர். எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும், அதனால் பலகை இறங்கியிருக்கும் என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. கனிம எண்ணெய் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.07 சதவீதம் சுருங்கும். பத்து டிகிரி குறைந்தால் 0.7 சதவீதம். சிலிண்டரில் 20 செ.மீ. உயரத்துக்கு எண்ணெய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அது 1.4 மில்லிமீட்டர்தான். கத்தரிக் கால்களின் அமைப்பால் சிலிண்டர் தண்டு நகர்வதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பலகை நகரும். அதையும் பெருக்கினால் அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. நாம் விளக்க வேண்டியது 8 செ.மீ.

பைக்கை இறக்கிவிட்டுச் சோதித்தோம். சட்டத்தில் பென்சில் கோடு போட்டு, வெறும் பலகையை மட்டும் ஏற்றி வைத்தால் கோடு நகரவே இல்லை. மணல் மூட்டைகளை அடுக்கியதும் கோடு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், ஆனால் நிச்சயமாக, நகர ஆரம்பித்தது. சுமை இல்லாதபோது பிடித்து, சுமை ஏறியதும் விட்டால் உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். தண்டைச் சுத்தமாகத் துடைத்துப் பார்த்தோம். வெளியே எண்ணெய்ப் படலம் இல்லை. ஆகவே பெரிய சீல் நன்றாக இருக்கிறது. மீதி இரண்டு வால்வுகள். பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் ஒருவழி வால்வு கசிந்தால், அழுத்தம் பம்புக்குத் திரும்பி, மிதிக்கும் பெடல் தானாக மேலே எழும்பும். இங்கே பெடல் அசையவில்லை. அப்படியென்றால் இறக்கும் வால்வுதான்.

கழற்றினால், பட்டாணியைவிடச் சின்ன எஃகுக் குண்டு ஒன்றும், அது உட்காரும் கூம்பான இருக்கையும். இருக்கையின் விளிம்பில் நூல் போல ஒரு ரப்பர்ச் சீவல் ஒட்டியிருந்தது. ஏதோ பழைய ஓ-ரிங்கின், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தின், மிச்சம். அந்த இழை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்ததால் குண்டு முழுசாக உட்காரவில்லை. எண்ணெயும் காப்பிக் கஷாய நிறத்தில் இருந்தது. குண்டையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, இருக்கையைத் துடைத்து, ஜாக்குக்கான ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றி, இறக்கும் வால்வைத் திறந்து வைத்துப் பலமுறை மிதித்துக் காற்றை வெளியேற்றினோம். இந்த இடத்தில் கையில் கிடைக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் அடிப்படையிலானது; ஜாக்கில் இருக்கும் நைட்ரில் ரப்பர் சீல்கள் அதில் ஊறி உப்பி வீணாகும்.

இதற்குப் பிறகு அதே மூட்டைகளோடு கோடு நகரவில்லை. நண்பர் விஷயம் முடிந்தது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கசிவைக் காரணங்களின் வரிசையில் முதலில் வைக்க நான் தயாராக இல்லை. ஹைட்ராலிக் லிஃப்ட் எதுவானாலும் வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். இறங்கும் என்று தெரிந்துதான் செய்பவர்களே லாக் வைத்துத் தருகிறார்கள். எண்ணெய் ஏற்றுவதற்கு, நிறுத்துவதற்கு இரும்பு.

லாக் கம்பி பல்லில் விழுந்த சத்தம் கேட்டால் போதும் என்று நண்பர் நினைத்திருந்தார். உண்மையில் அந்தச் சத்தம் சொல்வது, இதற்குக் கீழே பலகை போகாது என்பதை மட்டும்தான். பல்லைத் தாண்டி மேலே ஏற்றிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் எண்ணெயின் மேல் நிற்கிறது. அவர் 8 செ.மீ. மேலே நிறுத்தியிருந்தார், பலகை 8 செ.மீ. இறங்கியது, லாக் பிடித்துக்கொண்டது. அது அப்படித்தான் செய்ய வேண்டும்.

இரண்டு எஜமானர்கள்

இனி உண்மையான காரணம். பலகை 8 செ.மீ. இறங்கியதால் மட்டும் பைக் சாய்ந்திருக்காது. பைக் முழுவதும் பலகையோடு கட்டப்பட்டிருந்தால் அதுவும் 8 செ.மீ. இறங்கி, நேராகவே நின்றிருக்கும். நண்பர் காலையில் வந்து பார்த்திருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது.

ஆனால் பைக்கின் முன்பாதி பலகைக்குச் சொந்தம், பின்பாதி கூரைக்குச் சொந்தம். பலகை இறங்கியபோது முன் சக்கரம் அதோடு சேர்ந்து இறங்கியது. பின்பக்கம் கொக்கி பிடித்த உயரத்திலேயே நின்றது. இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையே அந்த பைக்கில் சுமார் 140 செ.மீ. அவ்வளவு நீளத்தில் ஒரு முனை 8 செ.மீ. தாழ்ந்தால் சாய்வு மூன்று டிகிரிக்குச் சற்று மேல். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் முன் பெல்ட்டுகள் கட்டப்பட்ட இடம் சக்கரம் நிற்கும் பலகையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பைக் மூன்று டிகிரி முன்னோக்கிக் கவிழ்ந்தால் அந்தப் புள்ளி மூன்றரை செ.மீ.க்கு மேல் முன்னே நகரும். பெல்ட்டுகளின் மறுமுனையோ முன்னால்தான் இருக்கிறது. கட்டிய புள்ளி தன் நங்கூரத்தை நெருங்கினால் பெல்ட் தளரும். இங்கே ஏறத்தாழ 2 செ.மீ. தளர்வு.

கட்டும்போது ஃபோர்க்கை அமுக்கி வைத்திருந்தாரே, அதன் ஸ்பிரிங் நிமிர்ந்து அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டிருக்காதா என்று கேட்கலாம். எடுத்துக்கொண்டது. அதனால்தான் முதல் சில சென்டிமீட்டர் இறங்கும் வரை ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்பிரிங்கில் சேமித்த விறைப்பு தீர்ந்த பிறகு பைக்கைப் பக்கவாட்டில் பிடிக்க இரண்டே விஷயங்கள் மிச்சம்: முன் சக்கரத்தின் கிளாம்ப், மேலே தொங்கும் ஒற்றைப் பெல்ட். ஒற்றைப் பெல்ட்டில் தொங்கும் பொருள் பக்கவாட்டில் ஊசலாடத் தயங்காது. கிளாம்ப் டயரைப் பிடிக்கும். டயர் காற்றடைத்த ரப்பர்.

இடது பக்கம் ஏன்? தரை. அறையைக் கழுவினால் தண்ணீர் வடிய, சுவர் ஓரமாக ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு விட்டிருக்கிறார்கள். லிஃப்ட் அந்தச் சுவருக்கு இணையாக நின்றது. ஏற்றிய பைக்கின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 1.35 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று கொண்டால், அந்தச் சரிவால் மையம் 2.7 செ.மீ. சுவர் பக்கம் தள்ளிப்போகும். லிஃப்டைக் கவிழ்க்க இது போதாது. எந்தப் பக்கம் சாய்வது என்று தயங்கி நிற்கும் பைக்குக்கு வழிகாட்ட மிக நன்றாகப் போதும். லிஃப்டின் நான்கு மூலையிலும் மட்டம் பார்க்கும் திருகுகள் இருந்தன. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

இந்தத் தப்பு வேறு வேஷங்களிலும் வரும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பலகையின் பக்கத்தில் தரையில் ஒரு ஸ்டாண்டை வைத்து ஸ்விங்ஆர்முக்கு முட்டுக் கொடுப்பது, திறப்பு வழியாகத் தரையிலிருந்து ஒரு கார் ஜாக்கை நீட்டி என்ஜினைத் தாங்குவது, ஹேண்டில்பாரைச் சுவர்க் கொக்கியில் கட்டுவது எல்லாமே இதே கதைதான். தரையும் சுவரும் கூரையும் ஒரு கட்சி. பலகை இன்னொரு கட்சி. பைக் ஒரு நேரத்தில் ஒரு கட்சியில்தான் இருக்கலாம். தரையிலிருந்து முட்டுக் கொடுத்த நிலையில் பலகை இறங்கினால், முட்டு பைக்கைப் பலகையிலிருந்தே தூக்கிவிடும்.

பெல்ட்டை இன்னும் இறுக்கியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்றும் பேச்சு வந்தது. கொஞ்சம் தாமதித்திருக்கும். பலகைக்கும் பைக்குக்கும் இடையே கட்டும் பெல்ட் எவ்வளவு இறுகினாலும் லிஃப்டின் சுமை கூடாது என்பது உண்மை. அந்த இழுவை பலகைக்கும் பைக்குக்கும் இடையிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஃபோர்க்கை அடிவரை அமுக்கி இரவெல்லாம் விடுவதால் பயன் ஒன்றுமில்லை.

கூரைக் கொக்கிக்கு நியாயமான வேலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். என்ஜினைப் பிரிக்கும்போது ஃப்ரேமை மேலிருந்து தொங்கவிட்டு, என்ஜினைப் பலகையில் அமர்த்தி, எல்லா போல்ட்டுகளையும் கழற்றிய பின் பலகையை மெதுவாக இறக்கினால் என்ஜின் தானாகக் கீழே வந்துவிடும். இடுப்பு உடையாத வழி அது. அங்கே பலகையும் கூரையும் பிரிவதுதான் நோக்கம். ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். சில நிமிடங்களில் முடிகிறது. இரவு முழுக்க யாரும் இல்லாமல் விடுவது வேறு.

மாற்றியவை

பின்பக்கத்தைத் தாங்க, திறப்புக்கு முன்னால் பலகையின் இரு விளிம்புகளையும் இணைக்கும் சதுர இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்து போல்ட் போட்டார். அதன் மேல் ஒரு சின்னத் திருகு ஜாக், அதன் தலையில் ரப்பர். ஸ்விங்ஆர்ம் இணையும் இடத்துக்கு அடியில், ஃப்ரேமின் கனமான பகுதியில் அது முட்டுகிறது. பின் ஃப்ரேமிலிருந்து இரண்டு பெல்ட்டுகள் பலகையின் பின் மூலைகளுக்கு. இப்போது பைக்கைத் தொடும் எல்லாமே பலகையில் தொடங்கிப் பலகையில் முடிகின்றன. சென்டர் ஸ்டாண்டு உள்ள பைக் என்றால் இவ்வளவும் தேவையில்லை. அதைப் பலகையிலேயே போட்டு, முன்னும் பின்னும் கட்டிவிடலாம்.

லாக் விஷயத்தில் ஒரு சோதனை போதும். வேண்டிய பல்லைத் தாண்டி ஏற்றி, கம்பி விழுந்ததும் இறக்கும் பெடலை மிதித்துப் பலகையைக் கம்பியின் மேல் உட்கார வைக்க வேண்டும். பிறகு அதே பெடலை இன்னொரு முறை முழுசாக மிதிக்க வேண்டும். பலகை அசைந்தால் அது இன்னும் எண்ணெயில் நிற்கிறது. அசையாவிட்டால் சரி, போய்த் தூங்கலாம். நண்பர் கம்பியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடும் போட்டிருக்கிறார். பல்லில் முழுக்க உட்கார்ந்தால்தான் அந்தக் கோடு சட்டத்தின் விளிம்போடு சேரும்.

லிஃப்டைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, திருகுகளால் மட்டம் பிடித்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான இரும்புத் தகடு வைத்தோம். லிஃப்டும் பைக்குமாக 350 கி.கி.க்கு மேல் நான்கு சின்னப் புள்ளிகளில் இறங்குகிறது. டைல்ஸ் போட்ட தரை என்றால் விரிசல் விழலாம். இதில் ஒரு வேடிக்கை: சுவர் அவ்வளவு நெருக்கமாக இல்லாதிருந்தால் அன்றைக்கு பைக் இன்னும் அதிகம் சாய்ந்திருக்கும். ஹேண்டில்பார் முனைக்கும் சுவருக்கும் 10 செ.மீ.தான் இடைவெளி இருந்தது. அதற்காகச் சுவரை நம்பி லிஃப்டை ஓரங்கட்டவும் முடியாது. இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடமில்லாத லிஃப்டில் பாதி வேலை நடக்காது.

லிஃப்டோடு குடும்பம் நடத்துவது

இந்தச் சம்பவத்தை ஒட்டி அவருடைய மற்ற பழக்கங்களையும் பார்த்தேன். பெரும்பாலும் நல்ல பழக்கங்கள். பைக்கை ஏற்றுவதற்கு முன் தரையிலேயே ஆக்ஸில் நட்டைத் தளர்த்திவிடுகிறார். அது முக்கியம். 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய நட்டை 40 செ.மீ. நீளக் கைப்பிடியால் திறக்க 25 கி.கி. அளவு விசை வேண்டும். துருப்பிடித்திருந்தால் இன்னும் கூட. அதை மேல்நோக்கி இழுத்தால் பைக்கின் பின்பக்கத்தைத் தூக்குவதற்குச் சமம். மேலே ஏற்றிய பிறகு கட்டாயம் வந்தால் கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தும்படி மாட்டிக்கொள்ள வேண்டும்.

பைக்கை ஏற்றும்போது என்ஜினை ஓட்டி ஏறுவதில்லை. இவர் பக்கத்தில் நடந்துகொண்டே கை பிரேக்கில் விரல் வைத்துத் தள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். தனியாக ஏற்றலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இலகுவான பைக்கில் முடியும்; 200 கி.கி. பைக் சாய்தளத்தின் நடுவில் நின்றுவிட்டால் அப்போது துணைக்கு ஆள் தேட முடியாது.

லிஃப்டில் எந்த வேலை லாபம் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. செயின் சுத்தம் செய்வதற்குக்கூட அவர் ஏற்றுகிறார். என் கணக்கில், ஏற்றிக் கட்டி இறக்கும் நேரத்தைவிடச் சின்ன வேலைகளைத் தரையில் குந்தியே முடித்துவிடலாம். வால்வு இடைவெளி பார்ப்பது, கார்புரேட்டர் கழற்றுவது, பிரேக்கில் காற்று எடுப்பது, வயரிங் தேடுவது போன்ற நீண்ட வேலைகளில்தான் லிஃப்ட் தன் இடத்துக்கு வாடகை கொடுக்கிறது. முழங்காலும் முதுகும் நன்றி சொல்வது அங்கேதான்.

வீட்டில் லிஃப்ட் இருக்கிறது என்றால் வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள். கத்தரிக் கால்கள் மடங்கும் இடத்தில் விரல் அகப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இவருடைய லிஃப்டில் இறக்கும் பெடலைக் கழற்றலாம். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிப் பூட்டிய டிராயரில் வைக்கச் சொன்னேன். அப்புறம், ஏற்றிய பலகைக்கு அடியில் ஏதாவது உருண்டு போனால் கம்பியால் இழுத்து எடுப்பதுதான் வழக்கம், கையை விடுவதில்லை. பிணைப்பு முனைகளுக்கும் உருளைகளுக்கும் அவ்வப்போது க்ரீஸ். பெல்ட்டில் ஓரம் பிசிறு பிசிறாக வந்தால் கத்தரித்துக் குப்பையில்.

தீராத ஒன்று மட்டும் இருக்கிறது. இலகுவான பைக்கின் நீளம் குறைவு. முன் சக்கரத்தை கிளாம்பில் வைத்தால் பின் சக்கரம் திறப்புக்கு நேராக வருவதில்லை, ஒரு கை அகலம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. கிளாம்பைப் பின்னால் நகர்த்திப் பொருத்தப் பலகையில் புதிதாக நான்கு துளைகள் போட வேண்டும். பலகைத் தகட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று அந்த இடத்தின் அருகே ஓடுகிறது. அதை வெட்டிவிட்டால் கிளாம்ப் பிடித்திருக்கும் தகடே வலுவிழக்கும். அடியில் அளவெடுத்து, சட்டம் எங்கே போகிறது என்று மேல்பக்கம் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் டிரில்லைத் தொடுவது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை அந்தச் சின்ன பைக்கின் பின் சக்கரம் தரையில் நிறுத்தித்தான் கழற்றப்படுகிறது.